“டி.எஸ்.எச். நார்மல்” என்று எழுதும் முன்

இந்த வாரமும் ஒரு பயிற்சி மருத்துவர் கேஸ் ஷீட்டில் “டி.எஸ்.எச். நார்மல், தைராய்டில் பிரச்சினை இல்லை” என்று எழுதி வைத்திருந்தார். அவர் வயதில் நானும் அதே வரியை எழுதியிருக்கிறேன். பெயர்க் குழப்பம், அலகுக் குழப்பம் எல்லாம் நாளாவட்டத்தில் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சம்பந்தமான பரிசோதனைகளை வாசிப்பதில் வரும், நோயாளியைப் பாதிக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன். கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு.

டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் பார்ப்பது

டி.எஸ்.எச். தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அல்ல. தைராய்டை வேலை வாங்க பிட்யூட்டரி போடும் உத்தரவு. அந்தப் பிட்யூட்டரியை, அதற்கு மேலே மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, இரண்டையும் இணைக்கும் போர்ட்டல் ரத்தக்குழாய்கள் வழியாக டி.ஆர்.எச். என்ற ஹார்மோனை அனுப்பித் தூண்டுகிறது. ரத்தத்தில் தைராக்சின் (தைராய்டு சுரக்கும் ஹார்மோன், டி4) குறைந்தால் உத்தரவு கூடும், மிஞ்சினால் குறையும். சரி, உத்தரவு போடும் இடமே பழுதானால்?

ஒரு பெண்மணி ஓயாத சோர்வோடு வந்தார். குளிர் தாங்கவில்லை, மாதவிடாயும் நின்றுபோயிருந்தது. டி.எஸ்.எச். 2.1. “நார்மல்” என்று எழுதி அனுப்பிவிட்டேன். சில மாதங்கள் கழித்து, இரு பக்க ஓரப் பார்வையும் மங்கித் திரும்பி வந்தார். அப்போதுதான் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் தைராக்சின்) பார்த்தோம், மிகவும் குறைவு. எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரிக் கட்டி, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. கட்டியை எடுத்தோம். பார்வை முழுதாகத் திரும்பவில்லை.

டி4 அவ்வளவு குறைந்திருந்தபோது டி.எஸ்.எச். பல மடங்கு ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் 2.1-இல் நின்றதுதான் நோய். அதோடு, பழுதான பிட்யூட்டரி விடும் டி.எஸ்.எச்.சுக்குப் பல நேரம் வீரியமும் குறைவு. பரிசோதனையில் எண்ணாக வரும், தைராய்டைத் தூண்டாது.

நோயைக் கண்டுபிடித்த பிறகும் இதே தவறு திரும்பி வருவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இத்தகைய நோயாளி தைராக்சின் சாப்பிட்டால் டி.எஸ்.எச். அடிமட்டத்துக்குப் போகும். அதைப் பார்த்து, மருந்து அதிகமாகிவிட்டது என்று யாரோ அளவைக் குறைக்கிறார்கள். தேறி வந்தவர் மறுபடி படுக்கிறார். பிட்யூட்டரி பழுதானவருக்கு மருந்தின் அளவை ஃப்ரீ டி4 பார்த்து மட்டுமே மாற்றுங்கள்.

கார்டிசால் பார்க்காமல் தைராக்சின்

பிட்யூட்டரி பழுதானவருக்கு, அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசாலைப் பார்க்காமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கார்டிசாலைச் சுரக்கச் சொல்லி பிட்யூட்டரி போடும் உத்தரவான ஏ.சி.டி.எச்.சும் குறைந்திருந்தால், கார்டிசால் போதாமல் அட்ரினல் நெருக்கடி வரலாம், உயிரே போகலாம். முதலில் கார்டிசாலுக்கு ஈடாக ஸ்டீராய்டு, அப்புறம் தைராக்சின்.

மணி குறிக்காத கார்டிசால்

காலை 8 மணி அளவு வேறு, நள்ளிரவு அளவு வேறு. ரத்தம் எடுத்த மணி தெரியாவிட்டால் அந்த எண்ணை வாசிக்க முடியாது.

பின்பிட்யூட்டரி “தயாரிக்கும்” ஹார்மோன்கள்

தயாரிப்பதில்லை. சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் வாசோப்ரெசினும், பிரசவத்தில் கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசினும் ஹைப்போதலாமஸில் உருவாகி, நரம்பிழைகள் வழியே இறங்கி அங்கே சேமிக்கப்படுகின்றன.

புரோலாக்டின் ஏறினாலே புரோலாக்டினோமா

புரோலாக்டின், பால் சுரக்க வைக்கும் பிட்யூட்டரி ஹார்மோன்; புரோலாக்டினோமா, அதைச் சுரக்கும் கட்டி. ஆனால் ஏறியதெல்லாம் அந்தக் கட்டியால் அல்ல. ஹைப்போதலாமஸ் புரோலாக்டினை முக்கியமாக டோபமைன் என்ற வேதிப்பொருளால் அடக்கி வைக்கிறது. எந்தக் கட்டி பிட்யூட்டரியை ஹைப்போதலாமஸோடு இணைக்கும் காம்பை அழுத்தினாலும் அந்தத் தடை தளர்ந்து புரோலாக்டின் ஓரளவு ஏறும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும், சில மனநோய் மருந்துகளும் இதையே செய்யும். ஸ்கேனுக்கு எழுதும் முன், கர்ப்பமா என்று பாருங்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள்.