படகு என்ஜினில் கோட் ரீடர்: எண் கிடைத்த பிறகு என்ன செய்வது?

என்ஜின் பதிந்து வைக்கும் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கார் ஸ்கேனர் (கோட் ரீடர்) வீட்டில் இருக்கிறதே என்று அதையே படகுத்துறைக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. போய்ப் பார்த்தால் செருக இடமே இருக்காது. ஓபிடி-2 எனும் 16 முள் சாக்கெட் காருக்கானது. படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு என்ஜினைச் செய்யும் நிறுவனம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கனெக்டர் வைத்திருக்கிறது. ஒன்றின் ரீடர் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பேசாது. மலிவான புளூடூத் டாங்கிளில் காசைப் போடுமுன், என்ஜினின் பிராக்கெட்டில் உள்ள தகட்டிலிருந்து மாடலையும் சீரியல் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ரீடரைத் தேர்வதே அந்த எண்ணை வைத்துத்தான்.

யமஹாவின் ஒய்டிஎஸ், மெர்க்குரியின் சிடிஎஸ் ஜி3, சுசுகியின் எஸ்டிஎஸ், வால்வோ பென்டாவின் வோடியா எல்லாம் பட்டறைக் கருவிகள். சொந்தக்காரருக்கு அவ்வளவு தேவையில்லை. ஸ்மார்ட்கிராஃப்ட் எனும் தகவல் இணைப்பு உள்ள மெர்க்குரி என்றால், வெசல்வியூ மொபைல் கருவியை அதன் 10 முள் கனெக்டரில் மாட்டினால் பழுதுக் குறியீடு கைப்பேசியிலேயே தெரியும். மெர்க்ரூசர், வால்வோ பென்டா பெட்ரோல் இன்போர்டுகளுக்கு (படகின் உள்ளே இருக்கும் என்ஜின்கள்) மடிக்கணினியில் ஓடும் டயாகாம் மென்பொருள் இருக்கிறது. இத்தகைய பெட்ரோல் என்ஜின்களின் எரிபொருள் தெளிப்பை நடத்தும் பழைய எம்இஎஃப்ஐ கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் விளக்குச் சிமிட்டலை எண்ணியே படித்துவிடலாம். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. அது பழுதல்ல, பெட்டி பேசுகிறது என்பதற்கு அடையாளம். 14 வந்தால் கூலன்ட் வெப்ப சென்சார், 21 த்ராட்டில் சென்சார், 33 மேப் சென்சார் (உள்ளிழுக்கும் குழாயின் காற்றழுத்தத்தை அளப்பது). யமஹாவின் பல எஃப் வரிசை மாடல்களிலும் இப்படிச் சிமிட்டல் உண்டு: 15 வெப்ப சென்சார், 19 பேட்டரி வோல்ட்டேஜ், 44 அவசர நிறுத்தக் கயிற்றின் சுவிட்ச். இந்த 44-ஐப் பார்த்துப் பயந்து சுவிட்சையே மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கயிறு கழன்று கிடந்தாலே அந்த எண் வரும்.

மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் என்றால் இந்தக் கட்டுரை உதவாது. அதில் படிக்கக் கணினியே இல்லை.

ரீடரோடு இன்னும் சில சாமான்கள் வேண்டும்: டிஜிட்டல் மல்ட்டிமீட்டர், கனெக்டரின் பின்பக்கமாக நுழைக்கும் மெல்லிய ஊசி முனைகள், இன்ஃப்ராரெட் வெப்பமானி, கான்டாக்ட் கிளீனர், ஒரு நோட்டுப் புத்தகம். மீட்டரும் ஊசிகளும் சிங்கப்பூரின் சிம் லிம் டவரில் கிடைக்கும். ரீடர் இல்லாமல் மீட்டரை மட்டும் வைத்துப் பாதி வேலையை முடிக்கலாம். மீட்டர் இல்லாமல் ரீடரை மட்டும் வைத்து முடிப்பது கடினம்.

என்ஜினை ஓட்டுமுன் ஒரு சோதனை இருக்கிறது. இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். காலையில், முந்தைய நாள் முதல் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது, சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். ரீடரில் நேரடி அளவுகளைத் திறங்கள். சிங்கப்பூரில் அந்நேரம் காற்றும் கடல்நீரும் ஏறக்குறைய 26 முதல் 30 டிகிரிக்குள் இருக்கும். ஆகவே கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் அந்த வட்டத்திலேயே, ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்துக்குள் நிற்க வேண்டும். ஒன்று 29, மற்றொன்று 47 என்றால், குறியீடு எதுவும் வராவிட்டாலும் அந்த சென்சார் பொய் சொல்கிறது. நாம் கடல்மட்டத்தில் இருப்பதால் மேப் சென்சார் 100, 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். த்ராட்டிலை மெதுவாக முழுக்கத் தள்ளினால் வோல்ட்டேஜ் ஏறக்குறைய 0.5-லிருந்து 4.5 வரை தடுக்காமல் ஏற வேண்டும். நடுவில் ஒரு குதிப்பு தெரிந்தால் அந்த இடத்தில் சென்சாரின் உள்தடம் தேய்ந்திருக்கிறது. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அருகில் இருக்கும்.

பிறகு குறியீடுகளைப் படியுங்கள். இப்போது நடப்பில் உள்ளது எது, முன்பு வந்து நினைவில் மட்டும் கிடப்பது எது என்று ரீடர் பிரித்துக் காட்டும். எல்லாவற்றையும், அவை பதிவான என்ஜின் மணி, ஆர்பிஎம் ஆகியவற்றோடு எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் அழித்துவிட்டால் துப்பு போய்விடும். இதில் ஏமாறுவது எளிது: பேட்டரி தளர்ந்த ஒரு நாள் ஸ்டார்ட் செய்தபோது வந்த ஐந்து பழைய குறியீடுகளைப் பார்த்து ஐந்து சென்சார் வாங்கிவிடுவார்கள்.

புதிய டீசல்களிலும் சில பெட்ரோல் என்ஜின்களிலும் குறியீடு இரண்டு எண்ணாக வரும். எஸ்பிஎன் என்பது எந்த இடம், எஃப்எம்ஐ என்பது என்ன குறை. 110 கூலன்ட் வெப்பம், 100 ஆயில் அழுத்தம், 168 பேட்டரி, 97 எரிபொருளில் தண்ணீர். ஆனால் வேலையைத் தீர்மானிப்பது இரண்டாவது எண்தான். 110-உடன் 0 வந்தால் சென்சார் உண்மை சொல்கிறது, என்ஜின் நிஜமாகவே சூடாகியிருக்கிறது. 110-உடன் 3 வந்தால் மின்னழுத்தம் அதிகம், பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும் அல்லது பிளக் கழன்றிருக்கும். 4 வந்தால் மின்னழுத்தம் குறைவு, ஒயர் எங்கோ தோல் உரிந்து என்ஜின் உடலில் படுகிறது. முதலாவதற்குத் தண்ணீர்ப் பாதையைப் பாருங்கள், மற்ற இரண்டுக்கும் ஒயரைப் பாருங்கள்.

சென்சாரா ஒயரா என்று காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். இரண்டு ஒயர் உள்ள வெப்ப சென்சாருக்கு மட்டுமே இந்த முறை. மூன்று ஒயர் உள்ளவற்றில் செய்யாதீர்கள். பிளக்கைக் கழற்றினால் ரீடரில் வெப்பம் மைனஸ் 40 பக்கம் விழ வேண்டும். பிளக்கின் இரு முனைகளையும் சிறு ஒயரால் இணைத்தால் உச்சத்துக்கு ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் ஒயரும் ஈசியூவும் (என்ஜினின் கணினி) நலம், சென்சாரை மாற்றலாம். நடக்காவிட்டால் புது சென்சார் போட்டும் பயனில்லை. சில ஈசியூக்கள் பிளக் கழன்றதும் ஒரு மாற்று அளவைக் காட்டிச் சமாளிக்கும். அப்போது வெப்பத்தை விட்டுவிட்டு, எஃப்எம்ஐ 3-க்கும் 4-க்கும் மாறுகிறதா என்று பாருங்கள்.

நிஜமான சூடு என்றால், இங்கே முதல் சந்தேகம் பிளாஸ்டிக் பை. ஜோகூர் நீரிணையில் மிதக்கும் குப்பை தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும். என்ஜினை நிறுத்தினால் சில சமயம் அதுவே விழுந்துவிடும், திரும்ப ஓட்டினால் குறியீடு வராது, காரணமும் புரியாது. யமஹா போன்றவை சூடு கண்டதும் ஆர்பிஎம்மை 2000 அருகில் கட்டிப்போடும். அதை என்ஜின் கோளாறு என்று நினைத்து த்ராட்டிலைத் தள்ளாதீர்கள். சல்லடை சுத்தமாக இருந்தும், பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்திருந்தால் தண்ணீர்ப் பம்பில் சுழலும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். இதழ் உடைந்திருந்தால் உடைந்த துண்டு அத்தனையும் கைக்கு வர வேண்டும். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் புது இம்பெல்லர் போட்டபின் அதே குறியீடு திரும்பும். தண்ணீர் நன்றாகப் பீய்ச்சியும் சூடு ஏறினால் சந்தேகம் தெர்மோஸ்டாட், அதாவது சூடேறியதும் திறந்து தண்ணீரை விடும் வால்வு. உப்புப் படிந்து பாதியில் சிக்கியிருக்கும். திறக்கும் வெப்பம் அதன் மேலேயே பொறித்திருக்கும். பாத்திரத்தில் நீரில் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துச் சூடாக்கிப் பாருங்கள். தண்ணீரில்லாமல் என்ஜினை ஓட்டிச் சோதிக்க வேண்டாம். காய்ந்த இம்பெல்லர் சில நொடிகளில் கருகிவிடும்.

வோல்ட்டேஜ் குறியீடு வந்தவுடன் பேட்டரி வாங்கப் போகாதீர்கள். ரீடர் காட்டும் வோல்ட்டேஜையும் பேட்டரி முனையில் மீட்டர் காட்டுவதையும் ஒரே நேரத்தில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இடையிலுள்ள கேபிளில் இழப்பு. மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பை ஸ்டார்ட்டர் முனையிலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நெகட்டிவ் பக்கமும் அதே போல். ஒரு இணைப்பில் 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அதைக் கழற்றித் தேய்த்து இறுக்க வேண்டும். பேட்டரியைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்சின் பின்பக்கம்தான் வழக்கமான குற்றவாளி. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியே 9.6-க்குக் கீழே போனால் மட்டும் பேட்டரியைச் சந்தேகியுங்கள்.

தொடர்பில்லாத மூன்று நான்கு சென்சார்கள் ஒரே நேரத்தில் பழுது என்று வந்தால் அத்தனையும் ஒன்றாகக் கெட்டிருக்காது. அவை பெரும்பாலும் ஒரே 5 வோல்ட் ஒயரைப் பகிர்கின்றன. ஒரு சென்சாரின் பிளக்கில் 5 வோல்ட் இருக்கிறதா என்று அளந்து, குறைவாக இருந்தால் மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 திரும்புகிறதோ அதுதான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ரீடரோ டிஸ்பிளேயோ என்ஜினோடு பேசவே மறுத்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, படகின் கருவிகளை இணைக்கும் என்எம்இஏ 2000 கேபிளின் இரண்டு தகவல் ஒயர்களுக்கிடையே மின்தடை பாருங்கள். 60 ஓம் சரி. 120 என்றால் கேபிளின் முனையில் இருக்க வேண்டிய மின்தடையான டெர்மினேட்டர் ஒன்று காணவில்லை. 40 என்றால் யாரோ கூடுதலாக ஒன்று மாட்டியிருக்கிறார்கள்.

அளக்கும்போது ஒயரின் தோலில் ஊசி குத்தாதீர்கள். காரில் சிலர் அப்படிச் செய்வதுண்டு. இங்கே அந்தத் துளை வழியாக உப்பு ஈரம் ஏறி, சில மாதங்களில் செம்பு பச்சைப் பொடியாகிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. கனெக்டரின் பின்னால் ஊசி விட்டு அளந்து, முடிந்ததும் ரப்பர் சீலில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். ஒயர் மாற்ற வேண்டியிருந்தால் வெள்ளீயம் பூசிய மரைன் ஒயரும், சூட்டில் சுருங்கும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயும் பயன்படுத்துங்கள்.

பழுதை நீக்கியபின்தான் குறியீட்டை அழிக்க வேண்டும். பிறகு படகைக் கட்டிய நிலையிலேயே பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். பெட்ரோல் இன்போர்டு என்றால் ஸ்டார்ட் செய்யுமுன், என்ஜின் அறையின் பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் புளோயரை நான்கு நிமிடமாவது ஓட விடுங்கள். கடலில் பாரம் ஏறினால்தான் வரும் குறியீடுகளும் உண்டு, ஆகவே ஓட்டிப் பார்க்காமல் வேலை முடியாது. பிபிசிடிஎல் எனும் சிங்கப்பூரின் இன்பப் படகு ஓட்டுநர் உரிமம் உள்ளவர் சுக்கானில் இருக்க, இன்னொருவர் ரீடரைப் பார்க்கட்டும். இரண்டையும் ஒருவரே செய்தால் பெரிய கப்பல்கள் போகும் வழியில் போய் நிற்பீர்கள். அவசர நிறுத்தக் கயிறு ஓட்டுபவரின் கையிலோ இடுப்பிலோ மாட்டியிருக்கட்டும்.

ஆயில் அழுத்தக் குறியீடு நடப்பில் இருந்தால் ஓட்டிப் பார்க்கும் பேச்சே வேண்டாம். ஆயில் அளவு சரியாக இருந்தும் அது போகவில்லை என்றால், மெக்கானிக் தனி அழுத்தமானி மாட்டி அளக்கும்வரை என்ஜின் நின்றே இருக்கட்டும். காமன் ரெயில் டீசலின் இன்ஜெக்டர் குழாய்களையும் தொட வேண்டாம்: உள்ளே அழுத்தம் 1000 பாருக்கு மேல், ஊசிமுனைக் கசிவும் தோலைத் துளைக்கும். இத்தகைய வேலைகளில் நீங்கள் எழுதிய நோட்டை மெக்கானிக்கிடம் கொடுத்தால் போதும், அவர் முதல் ஒரு மணி நேர வேலையை நீங்களே முடித்திருப்பீர்கள்.