வார்டிலிருந்து நேராகக் கொரில்லா பார்க்கப் போகாதீர்கள்

உகாண்டாவின் தென்மேற்கில் இருக்கிறது ம்பராரா. 1989-ல் தொடங்கிய அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டு டாக்டர்கள் சில வாரம் பாடம் எடுக்க வருவது உண்டு. அங்கிருந்து சில மணி நேரம் காரில் போனால் ப்விண்டி மழைக்காடு. உலகில் மிஞ்சியிருக்கும் ஆயிரத்துச் சொச்சம் மலைக் கொரில்லாக்களில் ஏறக்குறைய பாதி அங்கேதான். அதனால் கடைசி ரவுண்ட்ஸ் முடித்த மறுநாளே காட்டுக்குக் கிளம்பத் தோன்றும். அதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

நமக்கு நாலு தும்மலோடு போகும் சளி, கொரில்லாவுக்கு நிமோனியாவாகி உயிரையே எடுத்துவிடலாம். 1996-ல் ப்விண்டியில் ஒரு கொரில்லாக் குடும்பத்துக்குச் சொறி வந்தது. ரோமம் உதிர்ந்தது, குட்டி ஒன்று இறந்தே போனது. அதை ஆராய்ந்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-ஜிகுசோகா, காட்டோரத்து மனிதர்களிடமிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும் என்று கண்டார். துணியில் ஒட்டிய சொறிப்பூச்சியே இவ்வளவு செய்யுமென்றால், குழந்தைகள் வார்டில் மூன்று வாரம் இருமலுக்கு நடுவே நின்றவர் எதையெல்லாம் கொண்டுபோவார்?

முடிந்தால் பயணத்தையே திருப்பிப் போடுங்கள்: முதலில் காடு, அப்புறம் வார்டு. முடியாதென்றால் நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள். வார்டில் போட்ட செருப்பும் துணியும் காட்டுக்கு வேண்டாம். காய்ச்சல் இருந்தால், பாரசிட்டமால் போட்டு அமுக்கிக்கொண்டு போகாதீர்கள். டாக்டர்களுக்குத்தான் இந்தச் சபலம் அதிகம் வரும்.

அடுத்தது பெர்மிட். ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்குத்தான் அனுமதி. வெளிநாட்டவருக்கு 800 டாலர். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ன்குரிங்கோ என்று காட்டுக்கு நாலு பக்கம் உண்டு. பெர்மிட் ருஷாகாவுக்கும் அறை புஹோமாவிலும் போட்டுவிட்டால், விடியுமுன் மலைப்பாதையில் பல மணி நேரம் குலுங்க வேண்டும். பெர்மிட் எந்தப் பக்கமோ, அறையும் அந்தப் பக்கமே இருக்கட்டும்.

சுற்றுலா விசாவில் போய் நோயாளியைத் தொடாதீர்கள். கற்றுக்கொடுக்கத்தானே போகிறோம் என்று தோன்றும். ஆனால் படுக்கையருகே கற்பிப்பதும் மருத்துவம் பார்ப்பதுதான். விசா, அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலின் தற்காலிகப் பதிவு இரண்டையும் அழைக்கும் துறையிடம் முன்கூட்டியே கேட்டு முடித்துவிடுங்கள்.

பாடத்திலும் ஒரு தவறு நடக்கிறது. இங்கே எடுத்த ஸ்லைடுகளை அப்படியே கொண்டுபோய், 'அடுத்து எம்ஆர்ஐ எடுப்போம்' என்று ஆரம்பித்தால் அந்த வகுப்பு யாருக்கும் உதவாது. ஸ்கேன் எடுக்க நோயாளி கையில் பணம் இருக்குமா, இன்று ரத்தம் கிடைக்குமா என்பதிலிருந்துதான் அங்கே மாணவர்கள் யோசிக்கிறார்கள். மலேரியாவையும் காசநோயையும் அவர்கள் நம்மிடம் கற்கத் தேவையில்லை. என்ன பாடம் வேண்டும் என்று போகுமுன் அவர்களையே கேளுங்கள். வகுப்பு ஆங்கிலத்தில்தான், ஆனால் நோயாளி பேசுவது ருன்யன்கோலே. மாணவர் மொழிபெயர்த்து முடிக்கும்வரை காத்திருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அந்த அட்டை இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடலாம். மலேரியா மாத்திரையும் மறக்காதீர்கள்.

காட்டுக்குள் முழுக்கை சட்டை, தோட்டக் கையுறை, காலுறைக்குள் செருகிய பேன்ட். வழுக்கும் சரிவில் கை பிடிக்கிற செடி செந்தட்டி மாதிரி அரிக்கும்; எறும்புச் சாரை குறுக்கே போகும். கொரில்லாவைக் கண்டபின் ஒரு மணி நேரம்தான். முகக்கவசம் மூக்கை விட்டு இறங்கக் கூடாது. குட்டி ஒன்று ஆசையாக உங்களை நோக்கி வந்தால், பின்னால் நகர வேண்டியது நீங்கள்தான்.