‘ரத்தத்துலயே ஊறினது’: மரபணுவா, வளர்ப்பா என்று பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"புத்திசாலித்தனத்தில் 50 சதவீதம் மரபணு" என்று ஒரு செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும். படிக்கிறவர்களில் சிலர், "அப்போ என் பையன் மூளையில பாதி நான் கொடுத்தது" என்று கணக்குப் போடுகிறார்கள். சிலர், "மீதி 50-ஐ டியூஷன் வெச்சுத் தேத்திடலாம்" என்கிறார்கள். இரண்டு கணக்கும் தப்பு. அந்த எண் எந்த ஒரு தனிப் பிள்ளையைப் பற்றியும் பேசவே இல்லை. இந்த விஷயத்தில் நடக்கும் குழப்பங்களில் முக்கால்வாசி இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

சதவீதத்தை ஒரே ஆளுக்குள் பங்கு பிரிப்பது

ஒரு இட்லி பஞ்சு மாதிரி வந்திருக்கிறது. அதில் அரிசிக்கு எத்தனை சதவீதம், மாவு புளித்த பக்குவத்துக்கு எத்தனை சதவீதம் என்று யாராலும் பிரிக்க முடியாது. ஆனால் ஒரு தெருவில் இருபது வீட்டு இட்லிகளை வரிசையாக வைத்து, "இவற்றுக்குள் ஏன் இத்தனை வித்தியாசம்?" என்று கேட்கலாம். எல்லா வீட்டிலும் ஒரே ரேஷன் அரிசி என்றால், வித்தியாசம் பூராவும் அரைத்ததிலும் புளித்ததிலும் வந்திருக்கும். இன்னொரு தெருவில் வேறு வேறு அரிசியை ஒரே கை அரைத்து, ஒரே இடத்தில் புளிக்க வைத்திருந்தால், வித்தியாசம் பூராவும் அரிசியில். இரண்டு தெருவிலும் இட்லிக்கு அரிசி ஒரே அளவு முக்கியம்தான். ஆனாலும் சதவீதம் தலைகீழாகிவிட்டது.

மரபியலாளர்கள் ‘ஹெரிட்டபிலிட்டி’ என்று சொல்லும் எண் இப்படிப்பட்டதுதான். ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு மரபணு வித்தியாசத்தோடு ஒத்துப்போகிறது என்பதற்கான அளவு. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். அமெரிக்காவில் ஏழு வயது இரட்டையர்களை வைத்து எரிக் டர்க்ஹைமரும் அவரது குழுவினரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். வசதியான குடும்பங்களில் ஐ.க்யூ. வித்தியாசத்தின் பெரும்பங்கு மரபணுவோடு சேர்ந்து போனது. ஏழைக் குடும்பங்களில் அந்தப் பங்கு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அங்கே வீட்டுச் சூழலே ஆட்டிவைத்தது. பின்னால் மேற்கு ஐரோப்பாவில் தேடியபோது பணக்காரர், ஏழை என்ற இந்த வேறுபாடு அப்படித் தெரியவில்லை. அங்கே பள்ளியும் மருத்துவமும் ஏழைக்கும் ஓரளவு சமமாகக் கிடைப்பது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

‘மரபணு’ என்றால் ‘மாற்ற முடியாது’ என்று படிப்பது

உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வசதியான நாடுகளில் உயர வித்தியாசத்தில் சுமார் 80 சதவீதம் மரபணுவோடு தொடர்புடையது. அதே உயரம்தான் தென்கொரியாவில் நூறு வருடத்தில் எகிறியது. 1896-ல் பிறந்த பெண்களைவிட 1996-ல் பிறந்தவர்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயரம். நூறு வருடத்தில் மரபணு இவ்வளவு மாறாது. சாப்பாடும் சுகாதாரமும் மாறின.

இதைவிடத் தெளிவான கதை ஃபினைல்கீட்டோனூரியா என்ற நோயுடையது. 1934-ல் நார்வேயில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தன் இரண்டு குழந்தைகளோடு அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் போனார். குழந்தைகளின் சிறுநீரில் ஒரு விசித்திர வாடை. ஃபோலிங் அதில் ஃபெர்ரிக் குளோரைடு சேர்த்தபோது அது பச்சையாக மாறியது. வழக்கமாக அப்படி மாறாது. அந்தப் பச்சைக்குக் காரணமான அமிலத்தைப் பிடித்து, நோயின் வேரைக் கண்டார். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்துவிட்டால், புரதச் சத்தில் இருக்கும் ஃபினைல்அலனின் என்ற பொருளை உடம்பால் மாற்ற முடியாது. அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது.

அச்சு அசல் மரபணு நோய், சந்தேகமே இல்லை. ஆனால் 1950-களில் ஹார்ஸ்ட் பிக்கல் அந்தப் பொருளைக் குறைத்த உணவைக் கொடுத்துப் பார்த்தார், பலன் தெரிந்தது. 1960-களில் குதிகாலில் ஊசியால் குத்தி எடுக்கும் ஒரு துளி ரத்தத்திலேயே நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையை ராபர்ட் கத்ரி கொண்டுவந்தார். பிறந்த சில வாரங்களுக்குள் அந்த உணவுமுறையைத் தொடங்கினால், பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே பள்ளிக்கூடம் போகும். அஸ்பார்டேம் சேர்த்த டயட் குளிர்பானங்களில் இந்த நோயுள்ளவர்களுக்கென்று பொடி எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அந்த இனிப்பிலும் ஃபினைல்அலனின் இருக்கிறது, அதனால்தான். சரி, இந்தப் பிள்ளைகளின் மூளை பாதிப்பில் மரபணு எத்தனை சதவீதம், சாப்பாடு எத்தனை சதவீதம்? கேள்வியே பொருந்தவில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: சூழலால் வந்தது என்றால் எளிதில் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை. கர்ப்பிணிக்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால் குழந்தையின் மூளைக்கு வரும் பாதிப்பு, பிறகு எவ்வளவு உப்பு போட்டாலும் முழுதாகத் திரும்பாது. சிறுவயதில் உடம்பில் ஏறும் ஈயமும் அப்படித்தான்.

ஒரு குணத்துக்கு ஒரு மரபணு தேடுவது

‘கோபக்கார மரபணு’, ‘போர்வீரன் மரபணு’ என்ற தலைப்புகளுக்கு மூலம் ஒரு டச்சுக் குடும்பம். அதன் ஆண்கள் சிலரிடம் எம்ஏஓஏ என்ற மரபணு அடியோடு வேலை செய்யவில்லை; அவர்களிடம் மூர்க்கமான நடத்தை இருந்தது. 1993-ல் ஹான் ப்ருன்னர் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பு உண்மைதான். ஆனால் அது மிக மிக அபூர்வமான பழுது. ஊரில் சாதாரணமாகக் காணப்படும் மரபணு வகைகளுக்கும் அந்தப் பெயரை ஒட்டியது பத்திரிகைகளின் கைங்கரியம்.

படிப்பு, மனச்சோர்வு, கூச்சம் போன்றவற்றில் மரபணுத் தொகுதியின் ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து இம்மி இம்மியாகத் தாக்கம் வருகிறது. 2022-ல் 30 லட்சம் பேரின் மரபணுத் தகவலை வைத்து, ‘எத்தனை வருடம் படித்தார்கள்’ என்பதோடு தொடர்புடைய இடங்களைத் தேடினார்கள். கிடைத்தவை கிட்டத்தட்ட 4,000. மரபணுத் தொகுதி முழுவதையும் கூட்டிப் போட்ட மதிப்பெண்ணும் படிப்பு வித்தியாசத்தில் 12 முதல் 16 சதவீதத்தைத்தான் விளக்கியது, அதுவும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த மதிப்பெண்ணை அப்படியே போட்டால் இன்னும் பலவீனமாகும்.

அதிலும் ஒரு உள்குத்து இருக்கிறது. பெற்றோர் ஒவ்வொருவரின் மரபணுவிலும் பாதிதான் பிள்ளைக்கு வருகிறது. பிள்ளைக்கு வராத அந்த மறுபாதியும் பிள்ளையின் படிப்போடு தொடர்புடையதாக ஐஸ்லாந்தில் 2018-ல் காட்டினார்கள். வராத மரபணு எப்படி வேலை செய்யும்? அம்மாவின் குணத்தை, அவர் நடத்தும் வீட்டை அது பாதிக்கிறது. அந்த வீட்டில் பிள்ளை வளர்கிறது. ஆக, மரபணு என்று அளந்ததில் ஒரு பகுதி வளர்ப்பு. ‘தாயைப் போல பிள்ளை’ சரிதான், ஆனால் தாய் கொடுத்தது மரபணுவை மட்டுமல்ல.

ஒரு கூட்டத்துக்குள் கிடைத்த எண்ணை இரண்டு கூட்டங்களுக்கு நடுவே வைப்பது

நம் ஊரில் அதிகம் தீங்கு செய்யும் தவறு இதுதான். "அவங்களுக்குப் படிப்பு ரத்தத்துலயே இருக்கு, இவங்களுக்கு வராது" என்று சாதியை வைத்துப் பேசுகிறவர்கள் இப்போது அறிவியலையும் துணைக்கு இழுக்கிறார்கள். பல ரகம் கலந்த ஒரே பையிலிருந்து விதை எடுத்து, ஒரு பிடியை நல்ல மண்ணிலும் இன்னொரு பிடியைச் சத்தில்லாத மண்ணிலும் விதையுங்கள் என்றார் மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின். ஒவ்வொரு பாத்திக்குள்ளும் செடிகளின் உயர வித்தியாசம் விதையால் வரலாம். இரண்டு பாத்திகளுக்கு இடையிலான வித்தியாசம் முழுக்க மண்ணால். கைநாட்டு வைத்த தாத்தாவின் பேத்தி முதல் தலைமுறைப் பட்டதாரியாகி நிற்கிற குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு. இரண்டு தலைமுறையில் மாறியது விதை அல்ல.

ரேகை பார்த்துத் திறமை சொல்கிறவர்களிடம் பணம் கட்டுவது

பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, "உங்க பிள்ளைக்கு பிறவியிலேயே இசையறிவு, கணக்கு வேண்டாம்" என்று வண்ண அறிக்கை கொடுக்கும் டிஎம்ஐடி சோதனை சில பள்ளிகளுக்குள்ளேயே வந்துவிட்டது. இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே சொல்லியிருக்கிறது. ரேகை பிறவித் திறமையைக் காட்டுகிறது என்றால், ஒரே கருவிலிருந்து பிரிந்த, மரபணு ஒன்றாகவே உள்ள இரட்டையருக்கு ரேகை ஏன் வேறு வேறாக இருக்கிறது?

அந்த வேறுபாடு கர்ப்பப்பைக்குள்ளேயே, சின்னச் சின்னத் தற்செயல்களால் வருகிறது. ரேகையில் மட்டுமல்ல. மார்பிள்டு கிரேஃபிஷ் என்ற, இறாலைப் போன்ற நன்னீர் உயிரினத்தில் ஒரு தாயின் குஞ்சுகள் எல்லாம் அதன் நகல்கள். ஒரே தொட்டி, ஒரே தீனி. ஆனாலும் உடம்பு அளவிலும் மேல்தோல் கோலத்திலும் நடத்தையிலும் வெவ்வேறாக வளர்கின்றன. மரபணு, வளர்ப்பு என்ற இரண்டு பெட்டியிலும் அடங்காத இந்தத் தற்செயலை யாரும் தலைப்பில் போடுவதில்லை. "பெரியவனையும் சின்னவனையும் ஒரே மாதிரிதானே வளர்த்தேன், சின்னவன்கிட்ட எங்கே கோட்டை விட்டேன்?" என்று கேட்கிற அம்மாக்களில் பலர் எங்கேயும் கோட்டை விடவில்லை.