லீவு படங்கள்: கோடையில் திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறுகள்

இந்த மே மாதமும் உடன்குடிப் பக்கம் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். அக்கா பிள்ளைகள், சித்தி பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது பேர், அவர்களிடம் ஆறு போன். அதுபோக, கல்லூரியில் சேர்ந்த கையோடு லென்ஸ் மாற்றக்கூடிய பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றை வாங்கியிருக்கும் அண்ணன் மகன். நாலு நாள் அவர்கள் படம் எடுப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தவறுகள் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே நடந்துகொண்டிருந்தன.

நான் தொழிலுக்குப் படம் எடுப்பவன் இல்லை. கோடை லீவில் பிள்ளைகளையும் ஊரையும் படம் பிடிப்பது எனக்கு உயிர், அவ்வளவுதான். லென்ஸைத் துடையுங்கள், விரல் மறைக்காமல் பிடியுங்கள், சார்ஜ் போடுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. தவறு என்றே தெரியாமல் வருஷா வருஷம் நடக்கிற சிலதை மட்டும் எழுதுகிறேன்.

உச்சி வெயிலில் நிற்க வைப்பது

பன்னிரண்டு மணிக்கு நுங்கு வெட்டுவார்கள், எல்லாரும் முற்றத்தில் கூடுவார்கள், அப்போதுதான் படம் எடுக்கத் தோன்றும். சித்திரை பிறக்கிற சமயத்தில், ஏப்ரல் 12, 13 வாக்கில், திருச்செந்தூர் வட்டாரத்தில் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். சென்னையில் அது ஏப்ரல் 24, 25 வாக்கில். நிழலில்லா நாள் என்று குச்சி நட்டுக் காட்டுவார்களே, அதுதான். மே முழுக்கவும் நிலைமை கிட்டத்தட்ட அப்படியேதான். வெளிச்சம் மேலிருந்து மட்டும் விழுவதால் நெற்றியும் மூக்கும் வெளுத்துப்போய், கண் இரண்டும் இரண்டு கருங்குழியாகத் தெரியும். எந்த போனும் இதைச் சரிசெய்யாது.

அதற்காக நுங்கை சாயங்காலம் வரை வைத்திருக்க முடியாது. ஆட்களை வேப்பமர நிழலுக்கோ ஓலைப் பந்தலின் ஓரத்துக்கோ நகர்த்துங்கள். பந்தலுக்கு நடுவில் வேண்டாம், ஓரத்தில், முகம் வெளியே பார்த்தபடி. வெயில் பட்ட தரையிலிருந்து எழும்பி வரும் வெளிச்சமே முகத்துக்குப் போதும். தரை கறுப்பாக இருந்தால் ஒரு வெள்ளை வேட்டியை வெயிலில் விரித்துவிட்டு அதன் எதிரே உட்கார வையுங்கள். மாமாவின் எட்டு முழ வேட்டியை வைத்து நான் எடுத்த நுங்குப் படங்களைப் பார்த்தவர்கள் என்ன லைட் வைத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள்.

தேரி மணலை வெளுக்க விடுவது

குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் மேட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்தச் சிவப்பு வேறு எங்கும் பார்க்காத சிவப்பு. மணலின் ஒவ்வொரு துகளிலும் இரும்புச்சத்து துருவாகப் படிந்திருக்கிறது. படம் எடுத்துப் பார்த்தால் சாதாரண ஆற்று மணல் மாதிரி வரும். போன் என்ன நினைக்கிறது என்றால், ‘எல்லாம் சிவப்பாக இருக்கிறதே, ஏதோ தப்பு’ என்று தானாகவே நீலத்தைக் கூட்டிச் சரிக்கட்டிவிடுகிறது. சாயங்கால வானத்தின் செம்மஞ்சள் படத்தில் சப்பென்று போவதும் பல சமயம் இதனால்தான். போன் கேமராவின் ப்ரோ மோடில், நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்துச் சூரியன் படம் போட்ட அடையாளத்தில் வையுங்கள். அந்த வசதி இல்லாத போன் என்றால், கண்ணில் பட்ட நிறம் மறப்பதற்குள், அன்றைக்கே எடிட்டில் வார்ம் என்கிற செம்மஞ்சள் சாயலைக் கூட்டிக்கொள்ளுங்கள். நாலு நாள் கழித்து உட்கார்ந்தால் எது சரியான சிவப்பு என்று உங்களுக்கே நினைவிருக்காது.

அப்புறம், தேரியில் நின்றுகொண்டு கேமராவின் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள். அண்ணன் மகன் அதைத்தான் செய்தான். காற்றே மணலாக வீசும் இடம் அது.

ஜூம்

விரலால் இழுக்காதீர்கள். நாலு எட்டு முன்னால் நடங்கள்.

“எல்லாரும் இங்க பாருங்க!”

பம்பு செட் ஓடிக்கொண்டிருக்கிறது. தொட்டிக்குள் பிள்ளைகள் ஒருவன் தலையை ஒருவன் அமுக்கிக்கொண்டு கிடக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவர் போனை நீட்டி “எல்லாரும் வரிசையா நில்லுங்க” என்கிறார். ஆட்டம் நிற்கிறது. ஒன்பது பேரும் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் படத்தை அடுத்த வருஷம் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை, நான் பார்த்ததே இல்லை.

கூப்பிடாதீர்கள். தொட்டியின் விளிம்பு உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். பெரியவர்கள் நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் பிள்ளைகளின் உச்சந்தலைதான் வரும். கேமராவில் ஷட்டர் வேகம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் தெறிக்கும் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். போனில் வரிசையாகப் பத்து இருபது படம் எடுக்கும் பர்ஸ்ட் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் அப்படியே இருந்தால் உங்களை மறந்துவிடுவார்கள், நல்ல படம் அதற்கு அப்புறம்தான் கிடைக்கும். நுங்குக் கூட்டில் சக்கரம் செய்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடும் பிள்ளைகளையும் இப்படித்தான் எடுக்க வேண்டும். தரையோடு தரையாக, கூடவே ஓடி.

குரூப்பில் போட்டுவிட்டு போனில் அழிப்பது

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி, அக்கா மகள் திண்ணையில் உட்கார்ந்து விறுவிறுவென்று படங்களை அழித்துக்கொண்டிருந்தாள். ஏன்மா என்றேன். “குரூப்ல போட்டாச்சு மாமா, போன்ல இடமில்ல” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. இதே வார்த்தையை, இதே திண்ணையில், நான் சொல்லியிருக்கிறேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. ஊரில் எங்களுக்குப் பதநீர் தரும் பனையேறி அண்ணாச்சி ஒருவர் உண்டு. விடியற்காலையில் அவரோடு போவேன். மரத்திலிருந்து கலயத்தை இறக்கி, ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவார். ஒரு நாள் அவர் உச்சியில் நின்று பாளை சீவுவதைப் படம் எடுத்தேன். கிழக்கே சூரியன் அப்போதுதான் மேலே வந்திருந்தது, பக்கவாட்டில் வெளிச்சம், முதுகில் வியர்வை, கையில் அரிவாள், காலில் தளைநார், எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. இத்தனை வருஷத்தில் நான் எடுத்த படங்களில் அதுதான் சிறந்தது. இறங்கி வந்தவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “தம்பி, இதப் பெருசாப் போட்டுத் தாங்க. நா மரத்துல நிக்கிற படம் ஒண்ணுகூட வீட்ல இல்ல” என்றார். அடுத்த தடவை வரும்போது கொண்டுவருகிறேன் அண்ணாச்சி என்று சொன்னேன்.

அன்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டு நாளில் போன் நிறைந்துவிட்டது. குரூப்பில்தான் இருக்கிறதே என்று நானூறு படங்களை ஒரே மூச்சில் அழித்தேன்.

மூன்று மாதம் கழித்து ஸ்டுடியோவில் 12க்கு 18 அங்குலத்தில் பிரேம் போடக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. என் போன் எடுத்த படம் 4000க்கு 3000 புள்ளிகள் (பிக்சல்), அதாவது 1.2 கோடிப் புள்ளி. அன்றைய வாட்ஸ்அப் அதைச் சுருக்கி நீளப் பக்கத்தை 1600 புள்ளியாக்கித்தான் அனுப்பியது. 1600க்கு 1200 என்றால் இருபது லட்சத்துக்கும் குறைவு. ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், பெரிய படத்தைத் தள்ளி நின்று பார்ப்பதால் 200 இருந்தாலும் ஒப்பேறும். என்னிடம் இருந்ததை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 89தான் வரும். அதிலும் நான் முழு மரத்தையும் சேர்த்து எடுத்திருந்தேன். அண்ணாச்சிக்கு வேண்டியது மரம் இல்லை, அவர். அவரை மட்டும் வெட்டி எடுத்தால் ஐந்நூறு புள்ளி தேறவில்லை. முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோனது. மூலப் படத்தை வைத்திருந்தால் முழுப் படத்தை அந்த அளவில் நன்றாகவே போட்டிருக்கலாம், அவரை மட்டும் வெட்டினாலும் இரண்டரை மடங்கு புள்ளி இருந்திருக்கும்.

பின்னாளில் படத்தைத் தெளிவாக்கும் ஏ.ஐ. செயலிகள் வந்தபோது அதையும் முயன்று பார்த்தேன். முகம் கண்ணாடி மாதிரி வந்தது. ஆனால் அது அண்ணாச்சியின் முகம் இல்லை, அவர் வயதுள்ள வேறு யாரோ ஒருவர். இல்லாத தகவலை அது ஊகித்து வரைகிறது. அதைப் பிரேம் போட்டு ஒருவர் வீட்டில் மாட்டக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, மறுபடி எடுத்துவிடலாம் என்று அடுத்த மே மாதம் போனேன். முழங்கால் வலியால் அவர் மரமேறுவதையே விட்டிருந்தார். 4க்கு 6 அங்குலத்தில் போட்டிருந்த சின்னப் படத்தைக் கொடுத்தேன். கையைத் தள்ளி நீட்டிப் பிடித்துப் பார்த்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. இப்போது இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது. நாற்பது வருஷம் மரமேறிய மனுஷனுக்கு இருந்த ஒரே படத்தை, போனில் இடம் பண்ணுவதற்காக அழித்திருக்கிறேன்.

அதனால் தயவுசெய்து கேளுங்கள். வாட்ஸ்அப் படத்தைக் காட்டுவதற்கான இடம், வைத்திருப்பதற்கான இடம் இல்லை. அளவு குறைவதோடு, படம் எடுத்த தேதி, இடம் முதலான விவரங்களும் அதில் கழன்றுபோகும். பத்து வருஷம் கழித்து எந்தக் கோடை என்று தேடினால் கிடைக்காது. 2023 ஆகஸ்டில் எச்.டி. என்று ஒரு வசதி வந்தது, அது பரவாயில்லை, ஆனாலும் மூலம் மூலம்தான். அப்படியே போய்ச் சேர வேண்டும் என்றால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட் என்று அனுப்புங்கள்.

கூகுள் போட்டோஸில் தானாக ஏறிவிடும் என்று நம்பி இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் வைஃபை இருந்தால் மட்டும் ஏற்று என்று வைத்திருப்பார்கள். ஆச்சி வீட்டில் ஏது வைஃபை? நாலு நாள் எடுத்த ஒரு படம்கூட மேலே போயிருக்காது. 2021 ஜூன் 1 முதல் ஏறுகிற படமெல்லாம் 15 ஜி.பி. கணக்கில் சேர்கிறது, அதையும் மெயிலும் டிரைவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நிறைந்துவிட்டால் அதோடு நின்றுவிடும். இன்னொன்று, அந்தச் செயலிக்குள் போய் ஒரு படத்தை அழித்தால் மேலே கூகுளில் இருப்பதும் சேர்ந்து அழியும். போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால் அதற்கென்று இருக்கும் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.

நான் இப்போது செய்வது இதுதான்: தினமும் ராத்திரி, சாப்பிட்டவுடன், போனில் நேரே செருகும் பென்டிரைவில் அன்றைய படங்களை ஏற்றுவேன். மதுரைக்குத் திரும்பியதும் ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, அக்கா வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு பிரதி. இரண்டும் திறக்கிறதா என்று பார்த்த பிறகே போனில் கைவைப்பேன்.

அக்கா மகளின் படங்கள் தப்பித்தன. கூகுள் போட்டோஸில், மேலே ஏறிய படத்தை அழித்தால் 60 நாளும், ஏறாத படத்தை அழித்தால் 30 நாளும் ட்ரேஷில் கிடக்கும். அவள் இன்னும் அதைக் காலி செய்திருக்கவில்லை. லாந்தர் வெளிச்சத்தில்தான், கரண்ட் இல்லை, ஒவ்வொன்றாகப் பார்த்து எல்லாவற்றையும் மீட்டோம்.

கடலுக்கு முதுகு காட்டி நிற்பது

திருச்செந்தூரில் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் முகம் கறுப்பாகத்தான் வரும். அதே படத்தை சாயங்காலம் ஐந்தரைக்கு எடுங்கள்.

ஏசி காரிலிருந்து இறங்கியவுடன் எடுப்பது

சில்லென்று இருக்கும் லென்ஸ் கடற்கரைக் காற்றில் பனி படர்ந்துவிடும். துடைத்தாலும் திரும்பப் படரும். மணப்பாட்டில் நாங்கள் வந்து சேர்ந்த முதல் பத்து நிமிஷப் படங்கள் எல்லாமே புகை மூட்டம். ஊர் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

டேஷ்போர்டில் போன்

வெயிலில் பூட்டிய காருக்குள் வைக்கவே வைக்காதீர்கள். ஐபோனைக்கூட 45 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் வைக்கக் கூடாது என்றுதான் ஆப்பிள் சொல்கிறது. நம் ஊர் மே மாதத்தில் அந்தச் சூடு காருக்குள் சீக்கிரமே வந்துவிடும்.

கிணற்றுச் சுவரில் ஏறி செல்ஃபி

வேண்டாம்.

எடுத்த படத்தை உரியவரிடம் கொடுக்காதது

கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்தால் கொடுங்கள். 4க்கு 6 படம் ஒன்று போட ஒரு டீக்கு ஆகிற செலவுதான். இந்த வருஷம் நுங்கு வெட்டித் தந்த அக்காவுக்கு இரண்டு படம், பம்பு செட் தாத்தாவுக்கு ஒன்று, பாக்கி இருக்கிறது. ஸ்டுடியோ ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்தது. திங்கள் காலை போகிறேன், பென்டிரைவோடு.