டெடிகேட்டட் சர்வருக்கு எந்த ஓஎஸ்? ஆர்டர் போடும் முன் பார்க்க வேண்டியவை

டெடிகேட்டட் சர்வர் (முழுக்க உங்களுக்கு மட்டுமே என வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) ஆர்டர் செய்யும்போது, ஓஎஸ் (இயங்குதளம்) கேட்கும் இடத்தில் பலரும் பட்டியலில் முதலில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ரேம் பின்னால் கூட்டிக்கொள்ளலாம், டிஸ்க்கை மாற்றிக்கொள்ளலாம். தளங்கள் ஓடத் தொடங்கிய பிறகு ஓஎஸ்ஸை மாற்றுவது அவ்வளவு லேசுப்பட்ட வேலை இல்லை. அதனால் பத்து நிமிடம் உட்கார்ந்து யோசித்துவிடுங்கள்.

படி 1: தளம் எதில் எழுதப்பட்டது?
வேர்ட்பிரஸ், லாரவெல், பைத்தான் என்றால் லினக்ஸ். டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8-ல் எழுதிய பழைய செயலி என்றால் விண்டோஸ் சர்வர்தான். லைசென்ஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆனால் டாட்நெட் என்ற பெயரைப் பார்த்ததும் விண்டோஸுக்குப் போக வேண்டாம். டாட்நெட் 8 லினக்ஸிலேயே நன்றாக ஓடும்.

படி 2: பேனல் வேண்டுமா?
பேனல் என்றால் கட்டளைகள் இல்லாமல் உலாவியிலேயே சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள். அதில் ஒன்றான சிபேனல் வேண்டுமென்றால், லினக்ஸ் வகைகளில் அல்மாலினக்ஸ் அல்லது உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு). டெபியனில் சிபேனல் ஓடாது. கட்டளை வரியே போதும் என்பவர்களுக்கு டெபியன் அருமையானது.

படி 3: ஆதரவு எப்போது முடிகிறது?
என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான கேள்வி. சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள், வரும் என்று நம்பித்தான் எல்லோரும் நிறுவினார்கள். 2020 டிசம்பரில் திட்டம் மாறியது. 2021 டிசம்பர் 31-உடன் கதை முடிந்தது. அந்த இடத்தை நிரப்பத்தான் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்தன.

சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30 கடைசி நாள். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரை அதற்குள் மாற்றாமல் தள்ளிப்போட்டுவிட்டோம். ஜூலையில் யம் அப்டேட் (மென்பொருள்களைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்தால், மிரர் பட்டியலை (அவற்றை இறக்கும் சர்வர்களின் பட்டியல்) எடுக்க முடியவில்லை என்று பிழை வந்து நின்றது. புது சர்வர் எடுத்து, ஒவ்வொரு தளமாக நகர்த்தி, மின்னஞ்சல் பெட்டிகளைச் சரிபார்த்து முடிக்க இரண்டு இரவுகள் ஆயின.

தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அல்மாலினக்ஸ் 9-க்கு 2032 மே வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். உபுண்டு 24.04-க்கு வழக்கமான ஆதரவு 2029 வரை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு, நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் ஐந்து ஆண்டுகள்.

படி 4: சிபியு எவ்வளவு பழசு?
குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களில் ஜியான் இ5 வி2 போன்ற பழைய சிபியுக்கள் இருக்கும். அவற்றில் ஏவிஎக்ஸ்2 என்ற சிபியு கட்டளைத் தொகுப்பு கிடையாது. அது இல்லாமல் ராக்கி 10 பூட் ஆகாது. அல்மாலினக்ஸ் 10 மட்டும் இவற்றுக்கெனத் தனிப் பதிப்பு தருகிறது. ஆர்டர் பக்கத்தில் சிபியு மாடலைப் பாருங்கள்.

படி 5: நிறுவுதல்
மினிமல் இன்ஸ்டால் போதும், டெஸ்க்டாப் வேண்டாம். இரண்டு டிஸ்க் இருந்தால் ரெய்டு 1-ஐ (இரண்டிலும் ஒரே தரவை எழுதும் முறை) நிறுவும்போதே தேர்ந்தெடுங்கள். ரீஇன்ஸ்டால் பட்டனை அழுத்தினால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் போய்விடும். ஆகவே இரண்டு ஓஎஸ்களுக்கு இடையே தயக்கம் இருந்தால், தளங்களை ஏற்றும் முன்பே இரண்டையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.