விலான் படத்தை நம்பிக் கை வைக்கும் முன்

நெட்வொர்க் ஸ்விட்ச்களைத் தானே தேடிப் பிடித்துப் படம் வரைந்து தரும் டூல்கள், கேபிள் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடும். பக்கத்துச் சாதனங்கள் தங்களை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் நெறிமுறைகளான எல்எல்டிபியும் சிடிபியும் அதற்குப் போதும். சறுக்குவது விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் எண் கொடுத்துப் பிரித்த தனி நெட்வொர்க்) விஷயத்தில்தான்.

அதிகம் அடிவாங்கும் இடம் சிஸ்கோவின் ஐஓஎஸ் மென்பொருள் ஓடும் ஸ்விட்ச்கள். அவற்றில் பலவற்றில் மேக் டேபிளை (எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் என்ற பட்டியல்) எஸ்என்எம்பி என்ற, சாதனங்களிடம் தகவல் கேட்கும் நெறிமுறை வழியாக ஒவ்வொரு விலானுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். வெறும் கம்யூனிட்டிப் பெயரோடு (எஸ்என்எம்பியில் கடவுச்சொல் மாதிரி) கேட்டால் விலான் 1-க்கான பட்டியல் மட்டுமே வரும். விலான் 20 வேண்டுமென்றால் அந்தப் பெயரின் பின்னால் '@20' சேர்க்க வேண்டும். எஸ்என்எம்பி 3-க்கு மாறினால் இந்த வித்தை பலிக்காது. அங்கே விலான் வாரியாக கான்டெக்ஸ்ட் (எந்த விலானின் தகவல் என்று குறிக்கும் பெயர்) வேண்டும், அதைப் பார்க்க ஸ்விட்சில் குரூப்புக்கு அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும். வெர்ஷன் மாற்றிய கையோடு படத்தில் பாதி கம்ப்யூட்டர்கள் காணாமல் போனால், டூல் செய்தவர்களைத் திட்டும் முன் இதைப் பாருங்கள். நான் திட்டிவிட்டுத்தான் பார்த்தேன்.

நள்ளிரவில் ஸ்கேன் ஓட்டுவது இன்னொரு தவறு. மேக் முகவரிகள் வழக்கமாக 300 விநாடிகளில் டேபிளிலிருந்து உதிர்ந்துவிடும். தூங்கும் பிரிண்டர் படத்தில் வராது. ஆட்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் ஓட்டுங்கள்.

அப்புறம், ஐபி போன் இருக்கும் போர்ட்டில் வாய்ஸ் விலான் தனியாக ஓடும். ஒரு போர்ட்டுக்கு ஒரு விலான் என்று காட்டும் டூலில் அது மறைந்துபோகும். இரண்டு கிளைகளில் விலான் 10 இருந்தால் அவற்றை ஒரே நிறத்தில் தீட்டி, ஒரே நெட்வொர்க் போலக் காட்டும் டூல்களும் உண்டு. நடுவில் ரவுட்டர் இருந்தால் இரண்டும் வேறு வேறு. எண் மட்டும்தான் ஒன்று.

பல விலான்களை ஒரே கேபிளில் சுமக்கும் இணைப்பான டிரங்க்கில்தான் பெரிய ஏமாற்று. சிஸ்கோவில் யாரும் கட்டுப்படுத்தாவிட்டால் டிரங்க் 1 முதல் 4094 வரை எல்லா விலானையும் அனுமதிக்கும். அனுமதிப் பட்டியலை மட்டும் படிக்கும் டூல், எதிர்முனையில் உருவாக்கவே படாத விலானும் அங்கே போவதாக வரைந்துவிடும். ஸ்விட்சில் 'ஷோ இன்டர்ஃபேஸஸ் டிரங்க்' கட்டளை கொடுத்தால் நான்கு பகுதிகள் வரும். இரண்டாவது பகுதி அந்த அனுமதிப் பட்டியல். நான்காவதில் ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் சுற்றுப்பாதை உருவாகாமல் தடுக்கும் நெறிமுறை) உண்மையில் கடத்தும் விலான்கள் இருக்கும். படத்தோடு ஒப்பிட வேண்டியது நான்காவதை, அதையும் கேபிளின் இரண்டு முனைகளிலும்.