யாழ்ப்பாணத்துக் கலியாணத்துக்குப் படப்பிடிப்பாளரை அமர்த்துவது எப்படி

கலியாணத்துக்கு நாள் வைத்தவுடன் மண்டபம், குருக்கள், மேளம், சமையல் என்று ஒழுங்குசெய்யத் தொடங்கும் குடும்பங்கள் படப்பிடிப்பாளரைப் பெரும்பாலும் கடைசியில்தான் தேடுகின்றன. தேடும்போதும் அல்பம் எத்தனை பக்கம், மொத்தம் எவ்வளவு, ட்ரோன் உண்டா என்ற மூன்று கேள்விகளோடு பேச்சை முடித்துவிடுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கேட்க வேண்டியது, அன்று மணவறைக்கு முன்னால் கமராவோடு நிற்கப்போகிறவர் யார் என்பதும், அவருக்கு எங்கள் சடங்குகளின் ஒழுங்கு தெரியுமா என்பதுமே. விலையுயர்ந்த கமராவை வாடகைக்கு எடுத்துவிடலாம். மணமகளுக்குக் கூறைச்சேலை கொடுத்ததற்கும் தாலி கட்டுவதற்கும் இடையில் என்னென்ன நடக்கும் என்ற அறிவை வாடகைக்கு எடுக்க முடியாது.

எங்கள் கலியாணச் சடங்கு பல மணி நேரம் நீளும். ஆனால் அதன் முக்கிய கணங்கள் மிகக் குறுகியவை. கெட்டிமேளம் முழங்கும்போது மணமகன் எழுந்து தாலி கட்டும் அந்தச் சில நொடிகளில் தோழி, குருக்கள், பெற்றோர், அறுகரிசி தூவக் கை நீட்டும் உறவினர்கள் என எல்லோரும் மணவறையைச் சூழ்ந்துவிடுவார்கள். ஒழுங்கு தெரிந்தவர் தாலித்தட்டு சபையோரின் ஆசீர்வாதம் பெற்றுத் திரும்பி வரும்போதே தன் இடத்தைப் பிடித்திருப்பார். தெரியாதவர் மேளம் உச்சத்துக்குப் போன பின்னர்தான் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னே வருவார். அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் யாரோ ஒருவரின் முழங்கைதான். தோழன் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவதும் அதற்கு மாப்பிள்ளை மோதிரம் அணிவிப்பதும், தாரை வார்க்கையில் தகப்பனின் முகமும், கும்பத்துக்குள் கணையாழி தேடும்போது எழும் சிரிப்பும், அம்மி மிதிப்பதும் இப்படித்தான். எவருக்காகவும் இரண்டாம் முறை நடக்காதவை. குருக்களை நிறுத்தி, “ஐயா, இன்னொருக்கால் செய்யுங்கோ” என்று கேட்கும் படப்பிடிப்பாளரை நான் எந்தக் குடும்பத்துக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தேடலை எப்போது தொடங்குவது என்பதைப் பஞ்சாங்கம்தான் தீர்மானிக்கிறது. ஆடி, புரட்டாதி, மார்கழி ஆகிய மாதங்களில் கலியாணம் வைப்பதில்லை என்பதால் நல்ல முகூர்த்தங்கள் மீதி மாதங்களுக்குள் நெருக்கமாக விழுகின்றன. அவற்றிலும் வெளிநாட்டு உறவுகள் கோடை விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வந்து நிற்கும் காலத்தை ஒட்டிய ஆனி, ஆவணி முகூர்த்தங்களுக்கு ஒரே நாளில் பல மண்டபங்கள் நிரம்பிவிடுகின்றன. அப்படிப்பட்ட நாட்களில் சில ஸ்ரூடியோக்கள் இரண்டு மூன்று கலியாணங்களை ஏற்றுக்கொண்டு, பெயர்பெற்றவரை ஓரிடத்துக்கும் உதவியாளரையோ வெளியிலிருந்து அழைத்த ஒருவரையோ மற்ற இடங்களுக்கும் அனுப்புவதுண்டு. அது தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் உங்களுக்கு வரப்போகிறவர் யார் என்பது முற்பணம் கொடுக்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே மண்டபமும் முகூர்த்தமும் உறுதியானவுடன் அடுத்த வேலையாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முகநூலிலும் இன்ஸ்ரகிராமிலும் ஒருவர் இட்டிருக்கும் படங்கள் அவருடைய மிகச் சிறந்த பத்துப் பதினைந்து படங்கள் மட்டுமே. நீங்கள் பார்க்கவேண்டியது ஒரே கலியாணத்தின் முழுத் தொகுப்பு. பொன்னுருக்கல் (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு) தொடக்கம் ஆலாத்தி (ஆரத்தி) வரை, நல்லதும் சாதாரணமானதுமாக அவர் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த அத்தனை படங்களையும், அக்குடும்பத்தின் சம்மதத்தோடு, காட்டச் சொல்லுங்கள். இரண்டு தொகுப்புகள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்று மண்டபத்தில் நடந்ததாகவும் மற்றது வீட்டுப் பந்தலிலோ கோவிலிலோ நடந்ததாகவும் இருக்கட்டும். அவற்றில் தாலி கட்டும் படத்தை முதலில் தேடுங்கள். மணமகளின் முகமும் மணமகனின் கைகளும் ஒரே படத்தில் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்ததாக வயதானவர்கள், சபையில் இருந்தவர்கள், பந்தியில் பரிமாறியவர்கள் ஆகியோரின் படங்களைப் பாருங்கள். மணமக்களை மட்டும் அழகாக எடுத்துவிட்டு மற்ற எல்லோரையும் வரிசையில் நிறுத்தி எடுத்தவரிடமிருந்து கலியாணத்தின் கதை கிடைக்காது.

முகங்களின் நிறத்தையும் கவனியுங்கள். கணினியில் தோலை வெளுப்பாக்கி, அம்மாவையும் மகளையும் ஒரே வெள்ளை நிறத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் இன்னும் மறையவில்லை. எங்கள் பிள்ளைகளின் நிறத்தை ஒரு குறையாக எண்ணித் திருத்துவது வருத்தத்துக்குரியது. அதோடு, கூறைச்சேலையின் சிவப்பும் தாலிக்கொடியின் பொன்னிறமும்கூட அந்தத் திருத்தத்தில் வெளிறிப்போகின்றன. “முகத்தை வெள்ளையாக்க வேண்டாம், உள்ள நிறத்திலேயே தாருங்கள்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நல்ல கலைஞர் அதைக் கேட்டு மகிழ்வார்.

நேரில் சந்திக்கும்போது கமராவின் பெயரைக் கேட்பதைவிட அவர் வேலை செய்யும் முறையைக் கேளுங்கள். ஒரு கமரா பழுதானால் மாற்றுக் கமரா கையில் இருக்கிறதா? ஒரே நேரத்தில் இரண்டு மெமரி காட்டுகளில் பதியும் கமராவா? அன்றிரவே படங்கள் வேறோர் இடத்தில் பிரதி எடுக்கப்படுமா? மண்டபத்தை முன்கூட்டியே வந்து பார்ப்பாரா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்ற பதில் வந்தால் அவருடைய பொறுப்புணர்வில் நம்பிக்கை வைக்கலாம், ஏனென்றால் எங்கள் மண்டபங்களில் வெளிச்சம்தான் பெரிய சிக்கல். மணவறைச் சோடனையில் ஊதா, நீல நிற எல்ஈடி விளக்குகள், கூரையில் மஞ்சள் குமிழ்கள், யன்னல் வழியே பகல் வெளிச்சம், இவற்றோடு வீடியோக்காரரின் வெள்ளை விளக்கு என்று நான்கு விதமான ஒளி ஒரே முகத்தில் விழும்போது எந்தக் கமராவாலும் சரியான நிறத்தைத் தர முடியாது. முகூர்த்த நேரத்தில் நிற விளக்குகளை அணைத்துவைக்கும்படி சோடனைக்காரரிடம் நீங்களே சொல்லிவைத்தால் இதன் பெரும்பகுதி தீர்ந்துவிடும். படமும் வீடியோவும் வெவ்வேறு ஆட்களிடம் கொடுக்கப்பட்டிருந்தால் இரு தரப்பையும் ஒருமுறை பேசவையுங்கள். மணவறைக்கு முன்னால் இடத்துக்காக அவர்கள் முட்டிக்கொள்வதைச் சபை பார்க்கக் கூடாது.

சபையைப் பற்றியும் படப்பிடிப்பாளரிடம் ஒரு வார்த்தை பேசவேண்டும். நாலைந்து பேர் கமராக்களோடு மணவறையை மறைத்து நிற்க, பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறுவதை அம்மம்மா பக்கத்திலுள்ள திரையில் பார்க்க நேர்வது எந்தப் படத்துக்கும் ஈடாகாத இழப்பு. பக்கவாட்டில் நின்று, நீண்ட லென்ஸால் எடுத்து, நடுவழியைச் சபையோருக்கு விட்டுவைக்க முடியுமா என்று கேளுங்கள். அனுபவமுள்ளவர்கள் இதை மறுப்பதில்லை. கத்தோலிக்கத் திருமணமாயின் பீடத்தை எவ்வளவு நெருங்கலாம், பிளாஷ் பாவிக்கலாமா என்பதைப் பங்குத்தந்தையிடம் கேட்டுப் படப்பிடிப்பாளருக்குத் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு.

ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா என்று கேட்டால், குறைந்தது இருவர் என்பதே என் துணிபு. மாப்பிள்ளை வீட்டில் பாலும் அறுகும் தலையில் வைத்துத் தோயவார்த்து (நீராட்டி), தலைப்பாகை வைக்கும் அதே வேளையில் பெண் வீட்டிலும் சடங்குகள் நடக்கின்றன. பின்னர் மணமகள் கூறையை வாங்கிக்கொண்டு உடுத்தப் போகும்போது ஒருவர் மணவறையில் இருக்க, மற்றவர் அவள் கூறையோடு திரும்பி வரும் வழியில் நிற்க வேண்டும். அந்த இரண்டாமவர் பெண்ணாக இருந்தால் அலங்கார அறையில் தாயும் சகோதரிகளும் கூச்சமின்றி இருக்கும் கணங்களும் பதிவாகும். இப்போது யாழ்ப்பாணத்தில் பெண்களும் இத்தொழிலில் இருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

வெளிப்புறப் படப்பிடிப்பைக் கலியாணத்துக்கு முன் வைக்க விரும்புகிறவர்கள் பொன்னுருக்கல் நாளை முதலில் பார்க்க வேண்டும். பொன்னுருக்கிய பின் கலியாணம் வரை மணமக்கள் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்ற வழக்கத்தைப் பேணும் குடும்பங்கள் பல. படப்பிடிப்பு நாளைப் பொன்னுருக்கலுக்கு முன்னர் வையுங்கள், இல்லையேல் கலியாணத்துக்குப் பிறகு தள்ளிவையுங்கள். பெரியவர்களின் மனம் நோகாது. இடத்தைப் பொறுத்தவரை கசூரினாக் கடற்கரையும் மணற்காட்டு மணல்மேடுகளும் காலையிலோ மாலையிலோதான் முகத்துக்கு இதமான வெளிச்சம் தரும். யாழ்ப்பாணக் கோட்டை தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பதால் அனுமதியை முன்பே விசாரியுங்கள். நல்லூர்க் கோவிலின் உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை இருக்கும் என்பதால் மாற்று நாள் ஒன்றையும் பேசிவைப்பது நல்லது. ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளும் அனுமதியும் உண்டு. பலாலியில் விமான நிலையமும் குடாநாட்டின் பல இடங்களில் படைமுகாம்களும் இருக்கும்போது அனுமதிப் பத்திரத்தைக் கண்ணால் காணாமல் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். என்னைக் கேட்டால், ட்ரோனுக்குரிய பணத்தை இரண்டாவது படப்பிடிப்பாளருக்குக் கொடுப்பது மேல்.

பேசி முடித்த எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர், ஊர்ப்பொடியன் என்றால்கூட ஒரு பக்கத் தாளாவது இருக்கட்டும். உறவு கெடாமல் காப்பது அந்தத் தாள்தான். அதில் வரப்போகும் பிரதான படப்பிடிப்பாளரின் பெயரும், அவர் நோய்வாய்ப்பட்டால் பதிலாக யார் வருவார் என்பதும் இருக்க வேண்டும். பொன்னுருக்கல், எழுத்து (திருமணப் பதிவு), கலியாணம், வரவேற்பு ஆகியவற்றுள் எவையெவை அடங்கும், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவார், நேரம் கூடினால் மேலதிகக் கட்டணம் எவ்வளவு, திருத்திய படங்கள் ஏறக்குறைய எத்தனை, அல்பத்தின் அளவும் பக்கங்களும் என்ன, எந்தத் திகதிக்குள் கிடைக்கும் என்பனவும் எழுதப்பட வேண்டும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் விலையை ரூபாயிலேயே எழுதிக்கொள்வது நல்லது. நாணய மாற்று வீதம் ஏறி இறங்குவதால் வரும் மனக்கசப்பு இல்லாமற்போகும். பணத்தை மூன்றாகப் பிரித்து முற்பணம், கலியாண நாள், அல்பம் கைக்கு வரும் நாள் என்று கொடுப்பதே இரு தரப்புக்கும் நியாயமானது. ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பலரும் எழுத மறக்கும் ஒன்று துடக்கு, அதாவது இறப்பால் வரும் தீட்டு. நெருங்கிய உறவில் ஓர் இழப்பு நேர்ந்தால் நாளைத் தள்ளிப்போட வேண்டிவரும். அந்தத் துயரத்துக்குள் முற்பணத்தைப் பற்றி யாரும் பேச விரும்பமாட்டார்கள். ஆகவே அப்படி நேர்ந்தால் முற்பணம் புதிய நாளுக்கு மாற்றப்படும் என்றும், புதிய நாளில் அவருக்கு வேறு வேலை இருந்தால் என்ன செய்வது என்றும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். படங்களை விளம்பரத்துக்குப் பாவிப்பதையும் இதே தாளில் தீர்த்துக்கொள்ளலாம். மணமகளின் படத்தை ஸ்ரூடியோவின் முகநூல் பக்கத்தில் இடுவதற்கு அவளுடைய சம்மதம் வேண்டும். தகப்பனோ மாமனாரோ அவளுக்காகச் சம்மதம் கொடுப்பது போதாது.

கலியாணத்துக்கு முந்திய வாரத்தில் குடும்பப் படங்களின் பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுங்கள். அம்மம்மா, அப்பப்பா, பெரியப்பா குடும்பம், சித்தி குடும்பம், மாமாமார் என்று தொகுதி தொகுதியாக எழுதி, நடக்க முடியாத முதியவர்களையும் நேரத்தோடு போகவேண்டியவர்களையும் மேலே வையுங்கள். படப்பிடிப்பாளருக்கு உங்கள் உறவினர்களைத் தெரியாது என்பதால், எல்லோரையும் முகம் தெரிந்த ஒரு மச்சானையோ மாமியையோ அவருக்குப் பக்கத்தில் நிற்கவையுங்கள். படப்பிடிப்புக் குழுவினர் எந்தப் பந்தியில் சாப்பிடுவார்கள் என்பதையும் தீர்மானித்துவிடுங்கள். விடியற்காலையிலிருந்து நிற்கிறவர்கள் அவர்கள்.

நேரலை வேண்டுமானால் மண்டபத்தின் இணைய இணைப்பை அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று சோதிக்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் காலை 9 மணி முகூர்த்தம் என்றால் கோடைகாலத்தில் இலண்டனில் அதிகாலை 4.30, ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 11.30. கண் விழித்திருக்கும் உறவுகளுக்குத் தாலி கட்டும் வேளையில் காட்சி நின்றுபோகக் கூடாது.

படங்கள் வந்த பின் அல்பத்துக்காகக் காத்திருக்காமல், திருத்திய படங்கள் முழுவதையும் மூலக் கோப்புகளையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வாங்கிக்கொள்ளுங்கள். கமரா பதிந்தபடியே இருக்கும் இந்த மூலக் கோப்பு (றோ) ஒன்று 25 தொடக்கம் 50 மெகாபைட் வரை இருக்கக்கூடும். மூவாயிரம் படங்கள் என்றால் 75 முதல் 150 கிகாபைட் வரை இடம் வேண்டும். மூலக் கோப்புகளைத் தர விரும்பாத கலைஞர்களும் உண்டு. அது அவர்களுடைய தொழில்முறை என்பதால், அதையும் முதலிலேயே பேசித் தீர்த்திருக்க வேண்டும். போரால் 1995 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியை விட்டு வெளியேறிய குடும்பங்களுள் எத்தனையோ தங்கள் கலியாண அல்பங்களைத் திரும்பக் காணவில்லை. பெற்றோரின் மணக்கோலத்தைக் கண்டிராத பிள்ளைகள் எங்களுக்குள் இருக்கிறார்கள். இன்றைக்கு அந்த இழப்பைத் தவிர்க்க வழி இருக்கிறது. ஒரு பிரதி பெண் வீட்டில், ஒன்று மாப்பிள்ளை வீட்டில், இன்னொன்று வெளிநாட்டில் இருக்கும் சகோதரத்திடம் என்று மூன்று இடங்களில் வைத்துவிடுங்கள்.

அல்பத்தை அச்சுக்கு அனுப்பும் முன் அதன் மாதிரிப் பக்கங்களை வட்ஸ்அப்பில் அவசரமாகப் பார்த்துச் சரி சொல்லாமல், கணினித் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். பெயர்களின் எழுத்து, திகதி, ஊர்ப்பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒப்பிடுங்கள். நடுமடிப்பில் எவருடைய முகமும் அகப்படவில்லை என்பதையும், இரு வீட்டுப் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் விடுபடவில்லை என்பதையும் இரண்டு குடும்பங்களும் சேர்ந்து உறுதிப்படுத்துங்கள். திருத்தங்களை ஒரே தடவையில் எழுத்தில் கொடுத்து, அச்சிட்ட அல்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.